சொல்லும் பதமும்

சொல்லையும் அதன் பொருளையும் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் இலக்கண நூல்களிலிருந்தும் அகராதிகளிலிருந்தும் தொடங்குவர். அந்நூல்களை நானும் மறக்கப் போவதில்லை. ஆயினும் இன்று உங்களை நான் அழைத்துச் செல்ல விரும்புவது தோல் மண்டிகளும் தோல் பதனிடும் சாலைகளும் நிறைந்த ஒரு நிலப்பகுதிக்காகும். பாலாற்றங்கரையிலும் அதனை அடுத்தும் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, வேலூர், மேல்விசாரம், இராணிப்பேட்டை என்று அவ்வூர்கள் அமைந்துள்ளன. அப்பகுதியில் நெடுங்காலம் தமிழாசிரியனாக இருந்தவன் நான். சொல்லைப் பொருள் தெளிந்து வழங்குவது புலவர்க்கு மட்டும் உரிய கலை என்று எண்ணுவோர் பலர். ஒரு சொல்லின் பொருளைப் பொறுத்து ஒருவனுடைய கிணறும் நிலமும் கூலியும் நிற்கவோ போகவோ கூடும் என்பதை நான் அவ்வூர்களில்தான் கண்டேன்.

முதலில் 'தோல்' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். உயிருள்ள உடம்பைப் போர்த்தியிருப்பதும் தோல். இறந்த விலங்கினின்று உரித்தெடுப்பதும் தோல். அதனைப் பதனிட்டுச் செருப்பும் பையும் செய்தற்கு ஏற்றதாக ஆக்கிய பின்னரும் அது தோலே. வாழைப்பழத்தை உரித்தால் வருவதும் தோல்தான். ஆங்கிலத்தில் இவற்றுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. மாடு எருமை போன்ற பெரிய விலங்கின் தோலுக்கு ஒரு பெயரும், ஆட்டுத் தோலுக்கு வேறொரு பெயரும், பதனிட்ட தோலுக்கு மற்றொரு பெயரும் வழங்குகின்றன. பழந்தமிழிலோ தோல் என்பது கேடகத்தையும் குறித்தது, யானையையும் குறித்தது. தொல்காப்பியர் செய்யுளின் வனப்பு எட்டு என எண்ணுமிடத்து அவற்றுள் ஒன்றற்குத் தோல் என்றே பெயர் தருகிறார்.

இதனைக் கேட்டுத் தமிழ் சொல்வளம் குன்றிய மொழி என்று எவரேனும் கருதினால் அவர் ஆம்பூருக்கு ஒருமுறை சென்று வரவேண்டும். அங்கே தோல் வணிகர் எவரும் வெறுமனே 'தோல்' என்று சொல்லி விலை பேசுவதில்லை. மாட்டுத்தோலா, எருமைத்தோலா, வெள்ளாட்டுத்தோலா, செம்மறித்தோலா என்பது முதற் கேள்வி. பச்சைத்தோலா, உப்புத்தோலா, பதனிட்டதா என்பது அடுத்த கேள்வி. குரோமிய உப்பினால் பதனிட்டு ஈரத்துடன் நீலநிறமாக இருப்பதை 'வெட் புளூ' என்பர். அதனை உலர்த்திச் சாயமேற்றி நிறுத்திய நிலையை 'கிரஸ்ட்' என்பர். கடைசி மெருகும் முடிந்ததை 'ஃபினிஷ்டு' என்பர். சொற்கள் ஆங்கிலமாக இருக்கலாம். ஆயினும் அச்சொற்களைக் கையாளும் கூலியாள் முதல் முதலாளி வரை ஒவ்வொருவருக்கும் அவற்றின் எல்லை தெரியும். ஒரு நிலைக்குரிய பெயரை மற்றொரு நிலைக்கு எவரும் மாற்றிச் சொல்வதில்லை. மாற்றிச் சொன்னால் அன்றே பணம் நட்டமாகும்.

ஒரு சொல் பல பொருள் தருவதும், பல சொற்கள் ஒரு பொருள் தருவதும் மொழியின் இயல்பு. தொல்காப்பியர் உரியியலில் இதனை விளங்கச் சொல்கிறார். ஆகவே ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பது குற்றமாகாது. எப்பொருளில் வழங்குகிறோம் என்பதை அடையாலோ இடத்தாலோ தெளிவுபடுத்தாது விடுவதே குற்றம். தோல் வணிகர் அடைமொழியை விடுவதில்லை. நாம்தான் நம் பேச்சிலும் எழுத்திலும் அதனை எளிதாக விட்டுவிடுகிறோம்.

இனி, 'பதனிடுதல்' என்னும் சொல்லைப் பாருங்கள். அறம் என்பது அறன் என்றும், நலம் என்பது நலன் என்றும் வருவது போலப் பதம் என்பது பதன் என்று வந்தது. சோறு பதமாக வெந்தது என்கிறோம்; மண் உழுவதற்குப் பதமாக இருக்கிறது என்கிறோம். மிகாமலும் குறையாமலும் வேண்டிய நிலையில் ஒரு பொருள் நிற்பதே பதம். பச்சைத்தோலை அப்படியே விட்டால் சில நாளில் அழுகும். வெயிலில் காயவைத்தால் மரப்பட்டை போல விறைக்கும். இவ்விரண்டும் நேராமல், அழுகாததாகவும் மென்மையுடையதாகவும் அதனை நிறுத்துவதே பதனிடுதல். முற்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இதற்குப் பயன்பட்டன. அவற்றிலுள்ள துவர்ப்புப் பொருள் தோலின் புரதத்தோடு பிணைந்து அதனை அழுகாமற் காக்கும். அறுசுவையுள் ஒன்றாகிய துவர்ப்பைத் தனிப்பெயரிட்டு அறிந்திருந்த நம் முன்னோர், அச்சுவையுடைய பட்டையே தோலுக்கு ஏற்றது என்பதையும் அறிந்திருந்தனர்.

'பதம்' என்பதற்குச் சொல் என்னும் பொருளும் உண்டு. அது வடமொழியிலிருந்து வந்த வழக்கு. நன்னூலார் சொல்லின் அமைப்பைக் கூறும் இயலுக்குப் பதவியல் என்றே பெயரிட்டார். செய்யுளுக்குச் சொல்தோறும் பொருள் எழுதுவதைப் பதவுரை என்கிறோம். பிறப்பால் வேறான இவ்விரு பதங்களும் ஒலியால் ஒன்றாயின. அவ்வொற்றுமை எனக்கு ஒரு கருத்தைத் தருகிறது. சொல்லுக்கும் ஒரு பதம் வேண்டும். கண்டதையெல்லாம் குறிக்கும்படி ஒரு சொல்லைத் தளரவிட்டால் அது பச்சைத்தோல் போல அழுகும். அகராதிப் பொருளன்றி வேறொன்றும் ஏற்கமாட்டேன் என்று இறுக்கினால் விறைத்துப் போகும்.

சட்டமும் வணிகமும் சொல்லின் பதத்தை எவ்வளவு பொருட்படுத்துகின்றன என்பதற்கு எங்கள் தொழிலிலிருந்தே சான்று தருகிறேன். 1973-ஆம் ஆண்டில் மத்திய அரசு, அரைப்பதத்தில் நிற்கும் தோலை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதற்கு வரம்பு கட்டியது. முழுதும் முடித்த தோலாகவும் காலணியாகவும் இங்கேயே செய்து அனுப்பினால் நாட்டுக்கு வருவாயும் மக்களுக்கு வேலையும் பெருகும் என்பது அதன் நோக்கம். நோக்கம் நன்று. ஆனால் முடித்த தோல் எது, முடிக்காத தோல் எது என்று வரையறுத்தால் அல்லவா அவ்விதி நடைபெறும்? ஆகவே, இன்ன இன்ன வேலைகள் நடந்து முடிந்த தோலே முடித்த தோல் எனக் கொள்ளப்படும் என்று விதிமுறைகள் எழுத வேண்டியதாயிற்று. 'முடித்த' என்னும் ஒரு பெயரெச்சத்தின் பொருளைக் கொண்டே ஒரு பெட்டி கப்பலேறுவதும் துறைமுகத்தில் நிற்பதும் முடிவாயின.

பிற நாடுகளிலும் இந்நிலை உண்டு. விலங்கின் தோலினின்று செய்யப்படாத பொருளுக்குத் தோல் என்னும் பெயரிட்டு விற்பதைப் பிரேசில் நாடு 1965-ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் தடுத்தது. இத்தாலி 2020-ஆம் ஆண்டில் அத்தகைய சட்டம் ஒன்றைச் செய்தது. செயற்கைப் பொருளை வாங்குபவன் அது செயற்கை என்று அறிந்தே வாங்கட்டும் என்பதே அச்சட்டங்களின் கருத்து. இவ்வகையில் நம் ஊர்ப் பேச்சு வழக்கு பாராட்டுக்குரியது. செயற்கைத் துணித்தோலை நம் மக்கள் 'ரெக்சின்' என்றார்கள். அஃது ஒரு வணிகப் பெயரிலிருந்து வந்த சொல், செந்தமிழும் அன்று. எனினும் அஃது எவரையும் ஏமாற்றவில்லை. ரெக்சின் பை என்று கேட்டவன் தோற்பையை எதிர்பார்த்ததில்லை.

நேயர்களே, இதுவரை சொன்னவற்றில் வணிகர் சொல்லைப் பேணுவதைக் கண்டோம். விலை இருக்குமிடத்தில் சொல் தானாகவே கூர்மை பெறும். இனி நான் சொல்லப்போவது, விலை பேசப்படாத பொருள்களைப் பற்றியது. தண்ணீரும் காற்றும் மண்ணும் நம்மிடையே நெடுங்காலம் விலையின்றி இருந்தன. ஆதலால் அவற்றைக் குறிக்கும் சொற்களும் கூர்மையின்றியே வழங்கின.

'கழிவு' என்னும் சொல்லை நோக்குங்கள். கணக்கில் ஒரு தொகையினின்று மற்றொன்றை நீக்குதல் கழித்தல். வணிகர் விலையிற் குறைத்துத் தருவது கழிவு. ஆலையிலிருந்து வெளிவரும் வேண்டாத நீரும் கழிவு. கணக்கில் கழித்தது மறைந்துவிடும். ஆலையிற் கழித்தது மறைவதில்லை. அவ்வாலையின் வேலியைக் கடந்து மற்றொருவனுடைய நிலத்தில் அது கூட்டலாகிவிடுகிறது. கழிவு என்று சொல்லும்போது, போயிற்று, தொலைந்தது என்னும் எண்ணமே நம் மனத்தில் எழுகிறது. யாரிடத்திருந்து கழிந்தது, யாரிடத்தில் சேர்ந்தது என்னும் கேள்விகள் எழுவதில்லை. அச்சொல்லை மாற்ற வேண்டும் என்று நான் கூறவில்லை. அதனை எழுதும்போதெல்லாம் இவ்விரு கேள்விகளுக்கும் விடையைச் சேர்த்து எழுதுங்கள் என்றே கூறுகிறேன்.

அடுத்தது 'சுத்திகரிப்பு'. தோற்சாலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கப் பொது நிலையங்கள் உள்ளன. சுத்தம் என்றால் தூய்மை. ஆகவே சுத்திகரித்த நீர் தூய நீர் என்று பொதுமக்கள் பொருள் கொள்கின்றனர். ஆனால் சுத்திகரிப்பு என்பது செய்த வேலையின் பெயர். அவ்வேலையால் எது நீங்கியது, எது நீங்கவில்லை என்பதை அச்சொல் தெரிவிப்பதில்லை. பச்சைத்தோல் அழுகாமல் இருப்பதற்காக முதலில் உப்பிடுவர். அத்தோலைக் கழுவும்போது உப்பு முழுவதும் நீரிற் கரைந்து வருகிறது. கலங்கலை வடிகட்டலாம், வண்டலைப் படியவைக்கலாம், குரோமியத்தைப் பிரித்தெடுக்கலாம். கரைந்த உப்போ வடிகட்டியில் நிற்பதில்லை. சவ்வின் வழியாக அழுத்திப் பிரித்தும், எஞ்சியதைக் கொதிக்கவைத்தும்தான் அதனை நீக்க முடியும். அதற்குச் செலவு மிகுதி. ஆகவே பளிங்கு போலத் தெளிந்த நீரும் பயிரைக் கருக்கும் நீராக இருக்கலாம்.

கரைந்த பொருள்களின் மொத்த அளவு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வரம்பு வைத்தது. அவ்வரம்பு எங்களுக்குப் பொருந்தாது என்று தோற்சாலையார் வழக்காடினர். நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் அதனை ஆராய்ந்து, வாரியத்தின் வரம்பு தக்கதே என்று கூறியது. 'சுத்தமான' என்னும் சொல்லால் தீராத வழக்கு ஓர் எண்ணால் தெளிவடைந்தது.

உழவர்களின் மொழியில் இத்தெளிவு முன்பே இருந்தது. நல்ல தண்ணீர் என்பர். உப்புத் தண்ணீர் என்பர். சவர்த் தண்ணீர் என்பர். உவர் நிலம், களர் நிலம் என்று மண்ணையும் பிரித்தறிவர். ஆனால் அவர்கள் அலுவலகத்துக்கு மனு எழுத வரும்போது, அத்தனை நுட்பத்தையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிடுவர். என்னிடம் மனு எழுதிக்கொள்ள வந்தவர் பலர். "ஐயா, எங்க கெணத்துத் தண்ணி கெட்டுப்போச்சுன்னு எழுதிக் குடுங்க" என்பார் ஒரு முதியவர். "எப்படிக் கெட்டது பெரியவரே? நிறம் மாறியதா, நாற்றமா, சுவையா?" என்று நான் கேட்பேன். அவர் சற்று நினைத்துப் பார்த்துச் சொல்லுவார்: நிறம் மாறவில்லை, வாயில் வைத்தால் கரிக்கிறது, முதலில் நெல் போயிற்று, பின்பு தென்னை இருந்தும் காய் சிறுத்தது, கிணறு கால்வாயிலிருந்து இத்தனை அடி தூரத்தில் இருக்கிறது, இன்ன ஆண்டு மழைக்குப் பின் இப்படி ஆயிற்று. இவையனைத்தையும் அப்படியே எழுதிவிட்டு, 'கெட்டுப்போயிற்று' என்னும் சொல்லை நான் நீக்கிவிடுவேன். கெட்டது என்று மட்டும் எழுதினால் படிப்பவர் மறுப்பதற்கு இடமுண்டு. கரிக்கிறது, காய் சிறுத்தது, இத்தனை அடி தூரம் என்று எழுதினால், மறுப்பவர் நேரில் வந்து பார்த்த பின்னரே மறுக்க முடியும்.

இத்தகைய துன்பங்கள் பெருகிய காரணத்தால் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் என்னும் அமைப்பு 1991-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 1996-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. நீதியரசர் குல்தீப் சிங் அதனை எழுதினார். இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் அத்தீர்ப்பு பெரிதும் எடுத்தாளப்படுவது. சொல்லாராய்ச்சி செய்வோர்க்கும் அது நல்ல பாடம். ஏனெனில் அத்தீர்ப்பு சில தொடர்களுக்குப் பொருள் வரையறுத்துச் சட்டத்தில் இடம் தந்தது.

அவற்றுள் ஒன்றைத் தமிழிற் பலவாறு பெயர்க்கின்றனர். சிலர் 'நிலையான வளர்ச்சி' என்பர். நிலையானது என்றால் மாறாதது, வளர்ச்சியோ மாறுவது. சிலர் 'நீடித்த வளர்ச்சி' என்பர். நீடித்த என்பது இறந்த காலம். இதுவரை நீண்டதைக் குறிக்குமேயன்றி இனி நீளத் தக்கதைக் குறிக்காது. 'வளங்குன்றா வளர்ச்சி' என்பது மூன்றாவது பெயர்ப்பு. எது குன்றலாகாது என்பதை இத்தொடர் வெளிப்படையாகச் சொல்கிறது. தோல் தொழில் வளரட்டும். நீர்வளமும் நிலவளமும் குன்றாதிருக்கட்டும் என்னும் நிபந்தனை பெயரிலேயே அடங்கியிருக்கிறது. நல்ல கலைச்சொல்லுக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. தொழிலால் நாட்டுக்கு அந்நியச் செலாவணியும் மக்களுக்கு வேலையும் கிடைப்பதை அத்தீர்ப்பு மறுக்கவில்லை. அதற்காகச் சூழலை அழிக்க உரிமையில்லை என்றே கூறியது.

மற்றொன்று 'முன்னெச்சரிக்கைக் கொள்கை'. நம் வழக்கில் முன்னெச்சரிக்கை என்றால் முன்கூட்டிச் சொல்லி வைத்தல். புயல் வருமுன் வானொலி செய்வது அது. தீர்ப்பில் அதன் பொருள் இன்னும் ஆழமானது. கேடு பெரிதாகவும் மீட்க முடியாததாகவும் இருக்கும் என்று தோன்றுமிடத்து, அறிவியல் உறுதி முழுமையாக வரட்டும் என்று காத்திருந்து தடுக்கும் செயலைத் தள்ளிப்போடலாகாது என்பது அதன் பொருள். அதனோடு, தன் செயலால் தீங்கில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவரையே சாரும் என்றும் நீதிமன்றம் கூறியது. தன் கிணற்று நீரை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் செல்லப் பணமில்லாத உழவனுக்கு இவ்வொரு வரியின் பயன் எவ்வளவு என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது, 'மாசுபடுத்தியவர் பொருள் செலுத்த வேண்டும்' என்னும் கொள்கை. இத்தொடரைத் தவறாகப் புரிந்துகொள்வது எளிது. பணம் செலுத்தினால் மாசுபடுத்தலாம் போலும் என்று நகைத்தவர்களை நான் கண்டதுண்டு. ஆகவேதான் எவ்வகைப் பொருள் செலுத்த வேண்டும் என்பதைப் பகுத்தறிவது வேண்டியதாகிறது. நம் பேச்சில் தண்டம், அபராதம், நட்டஈடு, இழப்பீடு ஆகிய சொற்கள் ஒன்றன் இடத்தில் மற்றொன்றாக வழங்குகின்றன. அபராதம் என்பது குற்றத்துக்குத் தண்டனை; பொதுவாக அஃது அரசின் கருவூலத்தைச் சேரும். இழப்பீடு என்பது இழந்தவன் கைக்கு வரவேண்டியது. சீரமைப்புச் செலவு என்பது கெட்ட மண்ணையும் நீரையும் திரும்ப நல்லவையாக்கும் செலவு; அஃது எவருடைய கைக்கும் உரியதன்று, நிலத்துக்கே உரியது.

1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பு இம்மூன்றையும் தனித்தனியே கூறியது. அவ்வழக்கிற்குட்பட்ட மாவட்டங்களின் தோற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. இழப்பீட்டைக் கணக்கிடவும், சூழலைச் சீர்செய்யும் செலவைக் கணக்கிடவும் தனி ஆணையம் ஒன்றை அமைக்கச் சொன்னது. அபராதத் தொகையும் தனி நிதியொன்றிற் சேர்ந்து, பாதிக்கப்பட்டவர்க்கும் சூழலைச் சீரமைக்கவும் பயன்பட வேண்டும் என்று எடுத்துரைத்தது. அவ்வாறு எடுத்துரையாமல் விட்டிருந்தால், அபராதம் அபராதமாகவே போயிருக்கும். 'அபராதம் கட்டிவிட்டார்களாம்' என்னும் செய்தியைக் கேட்டு, தமக்குரிய இழப்பீடும் அதனோடு முடிந்தது என்று எண்ணி வாளாவிருந்த உழவரை நான் அறிவேன். சொல்லின் பொருள் தெரியாமையால் ஒருவன் தன் உரிமையையே கேளாமல் விட்டுவிடுவான் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அந்த ஆணையம் 2001-ஆம் ஆண்டில் வேலூர் மாவட்டத்தில் 29,193 பேருக்கு ஏறத்தாழ 26 கோடியே 82 இலட்சம் ரூபாய் இழப்பீடு என்று கணக்கிட்டது. ஆண்டுகள் பல கடந்தன. 2025-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்புக் கூறியது. இழப்பீடு இன்னும் பெறாதவர்க்கு ஆறு வாரத்திற்குள் அரசு வழங்கிவிட்டு, மாசுபடுத்தியவரிடமிருந்து அத்தொகையைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்றது. 'செலுத்துதல்' என்னும் சொல் ஒருமுறை பணம் கட்டி முடித்தலைக் குறிக்காது, கேடு நீங்கும்வரை தொடரும் பொறுப்பைக் குறிக்கும் என்றும் அத்தீர்ப்பால் விளங்கியது. முன்பு நகைத்தவர்க்கு அதுவே விடை.

எண்களைச் சொல்லும்போதும் சொற்களைக் கைவிடலாகாது. தோற்சாலைகள் மிகுந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் 'பகுதியாகவோ முழுமையாகவோ' பயிரிடத் தகுதியற்றதாயிற்று என்று வேலூரிலுள்ள வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையம் கண்டதை முதல் தீர்ப்பு எடுத்துக்காட்டுகிறது. மேடைகளிலோ '35,000 ஹெக்டேர் அடியோடு பாழாயிற்று' என்று முழங்குகின்றனர். பின்னர் ஆணையம் வேலூர் மாவட்டத்தில் ஏறத்தாழ 15,000 ஹெக்டேருக்கே இழப்பீடு கணக்கிட்டது என்று படிக்கும் ஒருவர், முன்னது பொய் என்று முடிவு கட்டுகிறார். இரண்டும் மெய்யாக இருக்கலாம். முன்னது பகுதியும் முழுமையும் சேர்ந்த மதிப்பீடு; பின்னது ஒரு மாவட்டத்தில், ஒரு காலப்பகுதிக்கு, இழப்பீடு பெறத் தகுந்தது எனக் கண்டறியப்பட்ட நிலம். 'பகுதியாகவோ' என்னும் ஒரு சொல்லை விட்டதனால், நண்பர் மிகைப்படுத்தினார். எதிர்ப்பவர் அம்மிகையைக் காட்டி உண்மையையும் மறுத்தார். நிலமிழந்தவனுக்கு இருவராலும் தீங்கே விளைந்தது.

ஊர்ப்பெயரிலும் இக்கவனம் வேண்டும். அந்த 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் எங்கள் மாவட்டம் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் எனப்படுகிறது. பின்னர் அது வேலூர் மாவட்டம் ஆயிற்று. 2019-ஆம் ஆண்டில் அது மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்திற் சேர்ந்தன. இராணிப்பேட்டை தனி மாவட்டமாயிற்று. ஆகவே 'வேலூர் மாவட்டத்தில்' என்று ஓர் ஆவணம் கூறினால், எந்த ஆண்டின் வேலூர் மாவட்டம் என்று கேட்டுத் தெளிய வேண்டும். ஆம்பூர் உழவர் ஒருவர் தமக்குரிய பழைய கோப்பை எந்த அலுவலகத்தில் தேடுவது என்பது இத்தெளிவைப் பொறுத்தது.

துயரமான ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. 2015-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள், இராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடு தேங்கிய தொட்டிச் சுவர் இடிந்தது. அடுத்திருந்த தோற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பதின்மர் அக்கசட்டில் மூழ்கி இறந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். கசடு என்பது கல்வியைப் பற்றிப் பேசுமிடத்து வள்ளுவர் ஆண்ட சொல். குற்றம் என்றும் அழுக்கு என்றும் அதற்குப் பொருள் சொல்லி வகுப்பிலே கடந்து போகிறோம். அதன் எடை எவ்வளவு, அதனைத் தேக்கும் சுவர் எவ்வளவு தாங்கும் என்பதைத் தொழிலிடத்தில் எவரேனும் கணக்கிட்டாக வேண்டும். அந்நிகழ்ச்சியை 'விபத்து' என்ற ஒரு சொல்லால் முடித்துவிடுவது எளிது. எதிர்பாராது நேர்ந்தது என்பது அச்சொல்லின் பொருள். எதிர்பார்த்திருக்கக் கூடியதா, கூடாததா என்னும் கேள்வியைக் கேட்டு விடை கண்ட பின்னரே அச்சொல்லை எழுத வேண்டும். முன்னரே எழுதிவிட்டால் கேள்வி எழாமற் போகும்.

தொழில் செய்வோரைக் குறிக்கும் சொற்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தோல் தொழிலாளி என்பது கைத்தொழிலின் பெயர். அதில் அறிவும் பயிற்சியும் அடங்கியுள்ளன. தோலின் பதத்தைக் கைவிரலால் தொட்டே அறியும் தொழிலாளரை நான் பார்த்திருக்கிறேன். அப்பெயரைப் பிறப்பின் பெயராக்கி இழிவு கற்பித்தது நம் சமுதாயம். சொல்லின் பொருளைத் திரித்ததால் மனிதரைத் தாழ்த்திய கொடுமை அது. தொழிற்பெயரைத் தொழிலுக்கே வழங்குவது மொழித் தூய்மை மட்டுமன்று, அறமும் ஆகும்.

இவ்வளவும் கூறிய பின், நாம் செய்யத்தக்கவை சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு வாக்கியத்தை எழுதும்போது எழுவாயை ஒளிக்காதீர்கள். 'நீர் மாசுபட்டது' என்பதில் மாசுபடுத்தியவர் இல்லை. யார் செய்தார் என்று தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுதுங்கள். அடைமொழியை விலைமதிப்புள்ளதாகக் கொள்ளுங்கள். 'பகுதியாக', 'ஏறத்தாழ', 'இன்ன ஆண்டுவரை' என்பன சிறு சொற்களாயினும் பெரும் பொய்யைத் தடுப்பன. அலுவலகத்திலிருந்து தாள் ஒன்று வந்தால், அதில் விளங்காத சொல்லை விளங்கியதாக வைத்துக்கொண்டு கையெழுத்திடாதீர்கள். அச்சொல்லுக்கு இங்கே என்ன பொருள் என்று கேளுங்கள். கேட்பது குடிமகனின் உரிமை. 1956-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் வந்தது முதல் தமிழே நம் மாநிலத்தின் ஆட்சிமொழி. தமிழில் எழுதிய தாள் தமிழனுக்கு விளங்கவில்லை என்றால், விளங்க எழுதும் கடமை எழுதியவருடையது.

அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அரிய சொற்களைப் படைப்பதில் நமக்குக் குறைவில்லை. படைத்த சொல்லை, அதன் கீழ் வாழப்போகிறவனிடம் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அவன் அதனை எப்படிப் புரிந்துகொள்கிறான் என்று கேளுங்கள். 'சுத்திகரிக்கப்பட்ட நீர்' என்றதும் அவன் குடிக்கத்தக்க நீர் என்று எண்ணினால், 'கலங்கல் நீக்கிய நீர், உப்பு நீங்கவில்லை' என்று சேர்த்து எழுதுங்கள். சில சொற்கள் மிகுதியாகும். தாளின் விலை அதனால் ஏறிவிடாது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் பழமொழி. எங்கள் பகுதியின் உழவர் அதனைச் சற்று வேறுபட்ட பொருளில் நினைத்துக்கொண்டிருக்கின்றனர். அவர்களுடைய கிணறுகளில் உப்பு இன்னும் இருக்கிறது. தோற்சாலையில் வேலை செய்து பிள்ளைகளைப் படிக்கவைத்த தாய்மாரும் அதே ஊர்களில் இருக்கின்றனர். இருவருடைய வாழ்வையும் ஒருசேரக் காக்கும் வழியைத் தேடும் பேச்சு இன்னும் நெடுநாள் நடைபெறும். அப்பேச்சில் ஒவ்வொரு சொல்லும் தோல் மண்டியிற் பேசப்படும் சொல்லைப் போல இன்னது, இவ்வளவு, இன்ன நிலை என்று தெளிந்து நிற்கட்டும். நிலத்தைக் குறித்தும் நீரைக் குறித்தும் அவ்வளவு கவனத்தோடு பேச நாம் கற்றுக்கொண்டால், வழக்குகளின் தொகை குறையும். வழக்காடுவோர்க்கும் காலம் கடந்து கிடைக்கும் நீதி சற்று முன்னதாகக் கிடைக்கும்.